தட்டு வைத்து அழைத்த கச்சேரி

என் மச்சான் சேகர் போன வருஷம் வியன்னாவுக்குப் போய்விட்டு வந்தான். போனது கம்பெனி வேலையாக. வந்த பிறகு பேசுவதெல்லாம் சங்கீதம். அங்கே ஒரு பழைய சர்ச்சில் கச்சேரி கேட்டானாம். கல் தூண்களாம், மெழுகுவத்தி வெளிச்சமாம், குண்டூசி விழுந்தால் கேட்குமாம். காதுகுத்து, வளைகாப்பு, எந்த விசேஷமானாலும் பந்தியில் எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, "மாமா, அந்த சர்ச்சுல ஒரு வயலின் கேட்டேன் பாருங்க..." என்று ஆரம்பித்துவிடுவான். என் இலையில் ரசம் ஆறிப்போகும்.

எனக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை. பெயிண்ட், பைப், ஆணி, தாழ்ப்பாள். பாஸ்போர்ட் கிடையாது. ஆனாலும் இந்தத் தை மாதத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் நானும் ஒரு வெளிநாட்டுப் பயணம் போய்வந்தேன். பரங்கிமலைப் பக்கம், அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காகக் கட்டிய ஒரு பழைய சர்ச்சுக்கு. சேகர் போனதைவிட தூரம் கொஞ்சம் கம்மி. மற்றபடி எல்லாம் வெளிநாடுதான்.

இதற்குக் காரணம் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஜெயசீலி டீச்சர். பள்ளியில் கணக்கு எடுக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் குடிவந்த அன்று ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டியை இரண்டு பேர் மாடிக்குத் தூக்கிப் போனதைப் பார்த்துத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே இருந்தது செல்லோ. வயலினுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லைப் போட்டு இழுத்தால், கீழே என் ஹாலில் சோபா லேசாக அதிரும். எங்களுக்கு அது பழகிவிட்டது. சத்தம் வராத நாளில்தான் என் மனைவி வசந்தா, "டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்ன, பாருங்க" என்பாள்.

அந்த டீச்சர்தான் ஒருநாள் படியிறங்கி வந்து ஒரு நோட்டீசைக் கொடுத்தார். "அண்ணா, எங்க குரூப் மூணு நாள் சர்ச்சுல வாசிக்கிறோம். டிக்கெட் எல்லாம் இல்ல, யார் வேணா வரலாம். நீங்களும் அக்காவும் கண்டிப்பா வரணும்."

எனக்கு உடனே சேகரின் முகம் கண்ணுக்குள் வந்தது. மூன்று நாளும் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கடையைச் சீக்கிரம் சாத்தினேன். வசந்தா டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பரங்கிமலைக்குத்தான்டீ போறோம்" என்றேன்.

"வெளிநாடுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஷேர் ஆட்டோ கீழ்க்கட்டளை வரைக்கும் ஒழுங்காகப் போனது. அங்கே முன்னாலும் பின்னாலும் வண்டிகள். டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் டீ சொன்னார். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார் அவசரம்? கல்யாணமா?" என்றார்.

"கச்சேரி."

"சபாவா?"

"சர்ச்சு."

டீயை ஒரு வாய் உறிஞ்சி யோசித்தார். "சர்ச்சுல கச்சேரி, அதுக்கு இந்த டிராபிக்ல... சும்மா பேஜாரு சார். வூட்ல டிவி கீது இல்ல?"

வசந்தா டிபன் பாக்ஸைத் திறந்தாள். பக்கத்தில் கீரைக்கட்டுப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாளுக்கும் ஒரு கை கொடுத்தாள். அதற்குப் பிறகு எலுமிச்சை சாதத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது கச்சேரி தொடங்கியிருந்தது. தாமதமாக வந்தவர்களை வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று சேகர் சொல்லியிருந்தான். இங்கே வாசலில் நின்ற காட்டன் புடவைக்கார அம்மாள், "வாங்க, வாங்க, மெதுவா" என்று கிசுகிசுத்து, வசந்தாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். யார், எந்த ஊர், எந்தச் சபை என்று ஒரு கேள்வி கிடையாது. எங்கள் பக்கத்து மண்டபங்களில் பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்காமல் சந்தனம்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

உயரமான கூரை. அதிலிருந்து நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள். சுவர் முழுக்கச் சலவைக்கல் பலகைகள். அவற்றில் காய்ச்சலில் இறந்துபோன பட்டாளத்துப் பையன்களின் பெயர்கள். பத்தொன்பது வயசு, இருபத்திரண்டு வயசு என்று எழுதியிருந்தது. ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்து நம் ஊர்க் கொசுவிடம் மாட்டிக்கொண்டார்களே என்று பாவமாக இருந்தது.

முன்னால் நான்கு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்று, கடைசியில் நம் டீச்சரும் செல்லோவும். குரூப்புக்குத் தலைவர் சாமுவேல் சார், பேங்க் ஆபீசர், கோட்டு போட்டிருந்தார். மாடியில் துண்டு துண்டாகக் கேட்டதெல்லாம் இங்கே ஒன்றாகச் சேர்ந்து கூரைவரை போய் இறங்கி வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, மறைக்க என்ன இருக்கிறது. வாசித்து நிறுத்தியதும் எழுந்து நின்று கை தட்டினேன்.

நான் மட்டும்தான் தட்டினேன்.

முன் பெஞ்சில் இருந்த கோட்டுக்காரப் பெரியவர் திரும்பி, இன்னும் முடியவில்லை, இது முதல் பாகம்தான், மொத்தம் நான்கு என்று இங்கிலீஷில் சொன்னார். கோபமெல்லாம் இல்லை. ஒரு பெப்பர்மின்ட் வேறு நீட்டினார். நான் அதை வாயில் போட்டுக்கொண்டு மற்ற மூன்று பாகங்களுக்கும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் வாசற்படியில் இரண்டே ஜோடிச் செருப்பு. என்னுடையதும் வசந்தாவுடையதும். மற்றவர்களெல்லாம் போட்டுக்கொண்டே உள்ளே வந்திருக்கிறார்கள்.

பின்பக்கம் மரத்தடியில் மேஜை போட்டு டீயும் கட்லெட்டும் கொடுத்தார்கள். சர்ச் பெண்களே செய்ததாம். நான் மூன்றாவது கட்லெட்டில் இருந்தபோது டீச்சர் வந்தார். நன்றாக இருந்தது என்று சொன்னேன். சிரித்தார். அப்புறம் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "பெஞ்செல்லாம் காலியா இருந்ததே, பாத்தீங்களா அண்ணா?" என்றார்.

பார்த்தேன். நான்கு கல்யாணம் நடத்தக்கூடிய இடத்தில் ஒரு ஷேர் ஆட்டோ கூட்டம்தான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமையும் இப்படியே இருந்தா இந்த வருஷத்தோட நிறுத்திக்கலாம்னு சர்ச் கமிட்டியில சொல்லிட்டாங்க. தப்பு சொல்ல முடியாது. காலி பெஞ்சுக்கு யார் லைட்டு போடுவாங்க?"

"வேற இடத்துல வாசிங்களேன் டீச்சர்."

"எங்க? ஒருதடவை கம்யூனிட்டி ஹால்ல வாசிச்சோம். ஏசி சத்தம்தான் கேட்டுச்சு. இந்தக் கூரைக்குத்தான் அந்த சவுண்ட் வரும். இது இல்லேன்னா நாங்க நாலு பேரும் சேர்றதுக்கே காரணம் இல்ல. செல்லோவக் கோயம்புத்தூர்ல அண்ணன் வீட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான். இடத்தையாவது அடைக்காம இருக்கும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீயில் ஆடை படிந்திருந்தது.

சனிக்கிழமை வசந்தாவுக்கு முழங்கால் வலி. நான் தனியாகப் பஸ்ஸில் போனேன். மேடவாக்கம் தாண்டி பஸ் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. இறங்கித் தள்ளுங்கள் என்றார் கண்டக்டர். இஸ்திரி போட்ட சட்டையோடு தள்ளினேன். பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த காலேஜ் பையன் என்னைப் பார்த்து, "அங்கிள், கல்யாணத்துக்கா போறீங்க?" என்றான். நல்ல சட்டை போட்டவன் வேறு எங்குமே போக மாட்டான் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு முடிவு.

அன்றைக்கு டிவியில் கிரிக்கெட். வெள்ளிக்கிழமை வந்தவர்களிலும் பாதிதான் வந்திருந்தார்கள். பெப்பர்மின்ட் பெரியவர் எனக்காகப் பக்கத்தில் இடம் வைத்திருந்தார், அவ்வளவு காலி பெஞ்சுகளுக்கு நடுவே. நான் ஒரே முடிவாக இருந்தேன்: இன்று கை தட்டுவதில்லை. எல்லாம் முடிந்து மற்றவர்கள் தட்டியபோதும், இது ஏதோ பொறி என்று நினைத்துச் சும்மா இருந்தேன். சாமுவேல் சார் என்னையே பார்த்தார். பெரியவர் என் முழங்கையைத் தட்டி, இப்போது தட்டலாம் என்றார். அதற்குள் அவர்கள் எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன். இலவசமாகக் கொடுத்தும் வராத ஜனங்கள் என்ன ஜனங்கள் என்று சத்தம் போட்டேன். அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி, "யாரு போய் அழைச்சாங்க?" என்றாள்.

"நோட்டீஸ் ஒட்டியிருக்கே. வாட்ஸப்புல போட்டிருக்கே."

"நோட்டீஸப் பாத்துட்டு உங்க கூடப்பிறந்த தம்பி வருவாரா?"

வரமாட்டான். என் மகள் கல்யாணத்துக்குப் போனில் மட்டும் சொன்னோம் என்று என் பெரியப்பா மகன் இன்றுவரை எங்கள் வாசல் மிதிக்கவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டுக்கு வந்து, பேர் சொல்லி அழைக்க வேண்டும். அழைத்துவிட்டால் அப்புறம் மழை, ஜுரம், கிரிக்கெட் எதுவும் தடை இல்லை. வராமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டு தயாராகிவிட்டது. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. இரண்டு பேரும் வீடு வீடாக ஏறினோம். பேசியதெல்லாம் வசந்தா. "நம்ம ஜெயசீலி டீச்சருக்கு விசேஷம். பரங்கிமலை சர்ச்சுல, சாயங்காலம். குடும்பத்தோட வந்துடணும். வேன் சொல்லியிருக்கோம்."

இட்லி மாவுக் கடை மோகனா அக்கா மட்டும் முகத்தைச் சுளித்தார். "இன்னா வசந்தா, இன்னிக்கு அழைச்சு இன்னிக்கே வரணுமா?"

"திடீர்னு முடிவாச்சுக்கா" என்றாள் வசந்தா. நாங்கள் முடிவு செய்தது முந்தின நாள் ராத்திரிதான், பொய் இல்லை. மோகனா அக்காவின் கண்கள் பெரிதாயின. தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டு சரசரவென்று உள்ளே போனார்.

சாயங்காலம் வேனைப் பார்த்ததும் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. எல்லாப் பெண்களும் பட்டுப்புடவை. தலைநிறைய மல்லிகை. ஆண்கள் கைகளில் ஜிகினாத் தாள் சுற்றிய பார்சல்கள். வேன் போதாமல் பின்னால் இரண்டு ஆட்டோ வேறு. கீழ்க்கட்டளை வருவதற்குள் மோகனா அக்கா என் தோளைத் தட்டினார்.

"ஏழுமல, மாப்பிள்ளை இன்னா பண்றாரு?"

நான் வசந்தாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"நான் கல்யாணம்னு சொல்லவே இல்லைங்க" என்று என் காதோரம் முனகினாள்.

"இல்லைன்னு சொன்னியா?"

அதையும் சொல்லவில்லை. தட்டு சொல்லிவிட்டது. தை மாசம், ஞாயிற்றுக்கிழமை, சர்ச், திடீர் முடிவு. பல வருஷமாக டீச்சரின் கல்யாணத்துக்காகக் காத்திருந்த தெரு வேறென்ன நினைக்கும்? உண்மையைச் சொன்னால் வேன் அங்கேயே திரும்பும். பெஞ்சு காலியாக இருக்கும். செல்லோ கோயம்புத்தூர் போகும். சொல்லாவிட்டால் டீச்சர் முகத்தில் எப்படி முழிப்பேன்? "பேங்க்குல இருக்காருன்னு நினைக்கிறேன்" என்று யாரோ பின்னாலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சர்ச் வாசலில் காட்டன் புடவை அம்மாள் எங்களைப் பார்த்துத் திகைத்து, பிறகு இரண்டு கைகளையும் விரித்து, "வாங்க, எல்லாரும் வாங்க!" என்றார். நான் செருப்பைக் கழற்றினேன், பழக்கதோஷம். பின்னால் வந்த தெரு முழுக்கக் கழற்றியது. படியில் செருப்புக் குவியல். உள்ளே வந்தவர்களில் இரண்டு சர்ச்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்தார்கள்.

பெஞ்சுகள் நிறைந்தன. கமிட்டிச் செயலாளர் தேவராஜ் சார், ஒட்டடைக்கம்பு உயரத்தில் ஒரு மனிதர், சுவரோரம் நின்று நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது டீச்சர் வந்தார். சந்தன வெள்ளையில் பட்டுப்புடவை. பக்கத்தில் கோட்டு போட்ட சாமுவேல் சார். என் பின்னால் ஒரு பெருமூச்சு கிளம்பியது.

"அவருதான். நல்லா எடுப்பா கீறாரு. தலதான் கொஞ்சம் நரச்சிருக்கு."

சாமுவேல் சாரின் மனைவி எங்களுக்கு முன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

முதல் பாகம் ஓடியது. தெரு அடக்கமாகக் கேட்டது. ரிசப்ஷனில் பாட்டுக் கச்சேரி இருப்பது வழக்கம்தானே. பாகம் முடிந்தது. நான்கு பேரும் வில்லைத் தாழ்த்தினார்கள். சத்தமே இல்லை. குண்டூசி விழுந்தால் கேட்டிருக்கும்.

மோகனா அக்கா பார்சலோடு எழுந்தார்.

அவருக்குப் பின்னால் எல்லோரும் எழுந்தார்கள். நடுப்பாதையில் வரிசை நின்றுவிட்டது, பட்டுச் சரசரப்போடு. மேடை ஏறிப் பரிசைக் கொடுத்து, போட்டோவுக்கு நின்று, இந்தப் பக்கமாக இறங்கிப் பந்திக்குப் போவது எங்களுக்குச் சொல்லித் தரவேண்டிய விஷயம் இல்லை. நான் "அக்கா, அக்கா" என்று புடவைத் தலைப்பைப் பிடிக்கப் பார்த்தேன். எட்டவில்லை. மோகனா அக்கா நேராகப் போய்ச் சுவர்க்கடிகாரப் பார்சலை டீச்சரின் மடியில் வைத்தார். பிறகு சாமுவேல் சாரிடம் திரும்பி, "எங்க டீச்சர நல்லா வச்சுக்கணும்" என்றார்.

தேவராஜ் சார் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

டீச்சர் மடியிலிருந்த பார்சலைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார், பட்டையும் மல்லிகையையும். என்னைத் தேடிப் பிடித்தார். எனக்கு அந்தச் சலவைக்கல் பலகைகளில் ஒன்றுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அவர் முகம் சிவந்தது. அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வில்லைக் கீழே வைத்துவிட்டு மோகனா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, கல்யாணம் இல்லக்கா. சாமுவேல் சாருக்குப் பேரனே இருக்கான். நான் வாசிக்கிறத நீங்க கேக்கணும்னுதான் கூப்பிட்டிருக்காங்க. அவ்வளவுதான் விசேஷம்."

வரிசை அப்படியே நின்றது. மோகனா அக்கா டீச்சரை மேலும் கீழும் பார்த்தார்.

"அவ்ளோதானா?" என்றார். "அதுக்கு ஏன் முகத்த இப்படி வச்சுக்கினு கீறே? வாசி. கேக்கறோம். கொண்டாந்தத திருப்பி எடுத்துக்கினு போவோமா?"

கடிகாரத்தை டீச்சரின் நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, திரும்பி நடந்து வந்து உட்கார்ந்தார். வரிசையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ப் பார்சலை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். சாமுவேல் சாரின் மனைவிதான் முதலில் சிரித்தார். அப்புறம் சர்ச்சே சிரித்தது.

இரண்டாவது பாகம் மெதுவானது. செல்லோ தனியாக ஆரம்பித்தது. அதைச் சுற்றிலும் ஜிகினாத் தாள் பார்சல்கள். டீச்சர் கண்ணைத் துடைக்கவில்லை. கை வேலையாக இருந்தது. மாடியில் எத்தனையோ நாள் கேட்ட அதே மெட்டுதான். என் தெருவே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது அது புதிதாகக் கேட்டது. மோகனா அக்கா தலைப்பால் மூக்கைச் சிந்தினார். அந்தப் பாகம் முடிந்ததும் தெரு மொத்தமும் கை தட்டியது. தப்பான இடம். பெப்பர்மின்ட் பெரியவர் என்னைப் பார்த்தார், தோளைக் குலுக்கினார், தானும் தட்டினார்.

பின்பக்கம் மரத்தடியில்தான் அடுத்த பிரச்சினை. "பந்தி எங்க?" என்றது தெரு. இருந்தது கட்லெட், அதுவும் கொஞ்சம். சர்ச் பெண்கள் ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினார்கள், அப்புறம் காலாக. மோகனா அக்கா மேஜைக்கு அந்தப் பக்கம் போய், பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பரிமாற ஆரம்பித்துவிட்டார்.

தேவராஜ் சார் கால் கட்லெட்டோடு என்னிடம் வந்தார். "சார், இவங்க அடுத்த வருஷமும் வருவாங்களா?"

"முறையா அழைச்சா வருவாங்க சார்."

"முறையான்னா?"

சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வாசலில் மணி அடித்தது. திறந்தால் டீச்சர், சாமுவேல் சார், அவர் மனைவி. முன்னால் தேவராஜ் சார், செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் எவர்சில்வர் தட்டோடு. தட்டில் வாழைப்பழம், வெற்றிலை, ஒரு பொட்டலம் பிளம் கேக். ஒரு கையால் பிடித்திருந்தார். டீச்சர் காதில் ஏதோ சொன்னதும் அவசரமாக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த தை மாசமும் சர்ச்சுல கச்சேரி வச்சிருக்கோம். நீங்க குடும்பத்தோட வந்துடணும்" என்றார், பாடம் ஒப்பிப்பதுபோல.

வசந்தா தட்டை வாங்கிக்கொண்டு, உள்ளே வந்து உட்காருங்கள் என்றாள். "இல்லீங்க, தெரு முழுக்கப் பாக்கி இருக்கு" என்றார் அவர். நான்கு பேரும் மோகனா அக்கா வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

அன்றைக்கு சேகர் வேறு எதற்கோ போன் செய்தான். பேச்சு எப்படியோ வியன்னாவுக்குப் போய்விட்டது. கல் தூண், மெழுகுவத்தி, எல்லாம் வந்தது. நான் பிளம் கேக்கை மென்றுகொண்டே முழுக்கக் கேட்டேன்.

"ஏம்ப்பா சேகர், அந்த சர்ச்சுக்காரங்க உன்ன வீட்டுக்கு வந்து அழைச்சாங்களா?"

"இல்ல மாமா" என்றான். "நாமளேதான் போகணும்."